குட்டி ஈன்றால் பெட்டைக்குதிரை சாதுவாகிவிடுமா?

மேய்ச்சல்வெளி:

வணக்கம். குதிரைப் பண்ணை ஒன்றின் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கிறேன். சவாரிக் குதிரைகளைப் பராமரித்த பழக்கம் எனக்கு உண்டு, இனப்பெருக்கம் புதிது. பண்ணையில் உள்ள பெட்டைக்குதிரைகளுள் ஒன்றைப் பற்றி முடிவெடுக்க இயலாமல் இங்கே கேட்கிறேன்.

அதற்கு ஆறு வயது. உடற்கட்டு நன்றாக இருக்கிறது, கால்கள் நேராக இருக்கின்றன, தாய் வழியிலும் தந்தை வழியிலும் குறை சொல்ல எதுவும் இல்லை. இதுவரை சினைப்படுத்தப்படவில்லை. மனிதர் கை படுவதை அது விரும்புவதில்லை என்பதுதான் சிக்கல். முகக்கயிற்றை எடுத்துக்கொண்டு வேலிக்குள் நுழைந்தாலே தலையைத் தூக்கிக்கொண்டு மந்தையின் மறுபுறம் போய்விடும். பிடித்துவிட்டால் கூடவே நடக்கும், கட்டினால் நிற்கும். ஆனால் அடிவயிற்றுக்கோ பின்தொடைக்கோ கை போனால் காதுகளைப் பின்னால் மடக்கி வாலைச் சுழற்றும். இதுவரை யாரையும் உதைத்ததில்லை. உதைக்கப் போவதாகப் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறது.

பண்ணையில் நெடுங்காலமாக வேலை செய்பவர்கள், "ஒரு குட்டி ஈன்றால் தானாக அடங்கிவிடும்" என்கிறார்கள். பகல் நீளத் தொடங்கும் பருவம் நெருங்குவதால் இந்த ஆண்டே பொலிகுதிரையுடன் சேர்த்துவிடலாம் என்பது அவர்களுடைய யோசனை. அந்த நம்பிக்கையில் உண்மை உண்டா? இல்லையென்றால், முதலில் பழக்கிவிட்டுச் சினைப்படுத்துவதா, அல்லது இரண்டையும் சேர்த்தே செய்வதா? அடித்தும் கட்டிப்போட்டும் பழக்குவதில் எனக்கு விருப்பமில்லை. அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பழைய லாயம்:

ஐயா, குட்டி ஈன்றால் அடங்கும் என்ற பேச்சு குதிரை வளர்க்கும் இடமெல்லாம் உண்டு. அதை முழுக் கற்பனை என்று ஒதுக்கமாட்டேன். ஆனால் அது காரணத்தைத் தவறான இடத்தில் வைக்கிறது. சினையாக இருக்கும் குதிரை பொதுவாகப் பருவத்துக்கு வருவதில்லை என்பதால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்துபோகும் சிடுசிடுப்பு ஏறத்தாழ பதினோரு மாதங்களுக்குக் காணாமற்போகிறது. அதே காலத்தில் ஸ்கேன், தடுப்பூசி, குளம்பு திருத்துதல், மடி பார்த்தல் என்று மனிதர் கை முன்னைவிடப் பலமடங்கு அதன்மேல் படுகிறது. பொறுமையான ஆள்கள் இவற்றைச் செய்திருந்தால் குதிரை பழகிவிடுகிறது, அந்தப் பெருமை குட்டிக்குப் போய்ச் சேர்கிறது. முரட்டு ஆள்கள் செய்திருந்தால் முன்பு வாலைச் சுழற்றிய குதிரை பின்னர் காலையும் வீசக் கற்றுக்கொள்கிறது. அப்படிக் கெட்டுப்போன குதிரைகளைப் பற்றி யாரும் பழமொழி சொல்வதில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஈன்ற முதல் நாள்களில், சாதுவான குதிரைகூடத் தன் குட்டியிடம் யாரையும் அண்டவிடாமல் காக்கும். அந்த நேரத்தில்தான் நீங்கள் குட்டியின் தொப்புளில் மருந்து தடவ வேண்டும், அது முலையைச் சரியாகப் பிடிக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் சீம்பால் கறக்க வேண்டும். அடிவயிற்றில் கைபடுவதையே பொறுக்காத குதிரை, முதன்முறையாகப் பால் இறங்கி வலிக்கும் மடியைக் குட்டி முட்டும்போது குட்டியையே உதறித் தள்ளக்கூடும். தலையீற்றுக் குதிரைகளில் இது அரிதன்று. ஆகவே மடியைத் தொடவிடும் பழக்கம் உங்கள் வசதிக்காக மட்டுமல்ல, குட்டியின் உயிருக்காகவும் வேண்டும்.

தாயின் பழக்கம் குட்டிக்கும் போகும் என்பதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. பிரான்சில் நடந்து 2005 இல் வெளியான ஆய்வு அது. குட்டி பிறந்த முதல் ஐந்து நாள்கள், நாள்தோறும் சிறிது நேரம், ஆய்வாளர்கள் தாயை மட்டும் மென்மையாகத் தேய்த்துவிட்டுக் கையால் தீவனம் ஊட்டினார்கள், குட்டியைத் தொடவேயில்லை. அந்தக் குட்டிகள் மனிதர் நெருங்கும்போது மற்றக் குட்டிகளைவிட அருகில் நின்றன, முதுகில் சேணத்துணி போடுவதையும் விரைவாக ஏற்றுக்கொண்டன. குட்டி தன் தாயைப் பார்த்துத்தான் மனிதனை எடைபோடுகிறது. மனிதரைக் கண்டதும் மறுபுறம் ஓடும் தாயின் பின்னால் ஓடியே வளரும் குட்டி, தன் முதல் பாடத்தை உங்களிடமிருந்து அல்ல, அதனிடமிருந்துதான் கற்கும்.

எனவே என் கருத்து இது: இந்தப் பருவத்தை விட்டுவிடுங்கள். நல்ல நிலையில் உள்ள பெட்டைக்குதிரை பதினைந்து வயதை ஒட்டிய காலம்வரை எளிதாகவே சினைப்படும். அதன் பிறகுதான் சரிவு தெரியத் தொடங்கும். ஆறு வயதுக் குதிரைக்கு ஒரு பருவம் இழப்பே அல்ல. கிடைக்கும் இடைவெளியில் மரபணுச் சோதனைகளையும் முடித்துவிடலாம். உங்கள் குதிரை எந்த இனம் என்று நீங்கள் சொல்லவில்லை. அரேபியக் குதிரையானால், நோய் எதிர்ப்பாற்றலே இல்லாமல் குட்டி பிறக்கும் குறைபாட்டைத் தாங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குவார்ட்டர் குதிரையானால், 1969 இல் பிறந்த இம்ப்ரெஸிவ் என்ற பொலிகுதிரையின் வழியில் பரவிய தசைநோய் ஒன்று இருக்கிறது. அந்த மரபணுவை இரு வழியிலும் பெற்ற குட்டிகளை 2007 முதல் அந்த இனத்தின் சங்கம் பதிவே செய்வதில்லை. உடலில் திட்டுத்திட்டாக வெள்ளை படர்ந்த ஓவரோ வகையானால், அந்த நிறத்துக்குக் காரணமான மரபணுவைத் தாங்கிய இரு குதிரைகளைச் சேர்க்கும்போது நான்கில் ஒரு வாய்ப்பில், குடல் இயங்காத வெண்குட்டி பிறந்து சில நாள்களில் இறந்துபோகும். சில முடிகளை வேரோடு பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும் செய்தியை, ஓர் உயிரைப் பலிகொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அச்சம் மிகுந்த குணத்தில் ஒரு பங்கு பிறவியிலேயே வருவது என்பதையும் மறக்கலாகாது. ஓர் ஆண்டு பொறுமையாகப் பழக்கிய பிறகும் அது அப்படியே இருந்தால், எவ்வளவு அழகான குதிரையாக இருந்தாலும் அதைச் சினைப்படுத்தாமல் விடுவதே சரி. குட்டி ஈனாத பெட்டைக்குதிரைக்கு மதிப்பில்லை என்ற எண்ணத்தை நான் எப்போதும் ஏற்றுக்கொண்டதில்லை.


சினைக்குறிப்பு:

கால்நடை மருத்துவர் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன். பழக்கத் தொடங்கும் முன்பே ஒருமுறை முழுமையாகப் பரிசோதித்துவிடுங்கள். விலாவிலும் தொடையிலும் கைபட்டால் காதை மடக்குவதைக் குணம் என்று எழுதிவைக்கும் முன், அது வலியா என்று பார்ப்பது நம் கடமை. இரைப்பைப் புண், முதுகுவலி, சூலகத்தில் வளரும் கட்டி ஆகிய மூன்றும் இதே முகத்தோடுதான் வெளிப்படும். சூலகத்தின் ஒருவகைக் கட்டி, பெட்டைக்குதிரையைப் பொலிகுதிரை போல நடந்துகொள்ளவும் வைக்கும். கட்டியுள்ள சூலகத்தை அகற்றினால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வலி இருக்கும்போது எந்தப் பயிற்சியும் பயன் தராது.

பருவத்தைப் பற்றி. குதிரை நீண்ட பகலில் பருவத்துக்கு வரும் விலங்கு. குளிர்காலத்தில் சூலகம் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். பகல் நீளத் தொடங்கியதும் உடனே எல்லாம் சரியாகிவிடுவதும் இல்லை: இடைப்பட்ட சில வாரங்களில் பெட்டைக்குதிரை நாள்கணக்கில் பருவக்குறி காட்டிக்கொண்டே இருக்கும், கருமுட்டை வெளிவராது. அனுபவம் இல்லாத பண்ணைகள் பொலிகுதிரையை வீணாகக் களைப்படையச் செய்வது இந்த வாரங்களில்தான். முதல் கருமுட்டை வெளிவந்த பிறகு சுழற்சி ஒழுங்காகும். 21 அல்லது 22 நாள்களுக்கு ஒருமுறை, ஐந்து முதல் ஏழு நாள்கள் பருவம் நீடிக்கும். பருவம் முடிவதற்கு 24 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பு கருமுட்டை வெளிவருகிறது. வெளிவந்த முட்டை சில மணி நேரமே உயிர்ப்போடு இருக்கும், பொலிகுதிரையின் விந்தோ இரண்டு நாள்களுக்குக் குறையாமல் தாங்கும். ஆகையால் முட்டை வெளிவரும் முன்பே சேர்க்கை நடந்திருக்க வேண்டும்.

வேண்டுமானால் விளக்கொளியால் பருவத்தை முன்கூட்டியே வரவழைக்கலாம். பகலும் விளக்குமாக நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம், 60 முதல் 70 நாள்கள் தொடர்ந்து கிடைக்க வேண்டும். லாயத்தின் எந்த மூலையில் நின்றாலும் செய்தித்தாள் படிக்கும் அளவு ஒளி போதும். விளக்கு நேரத்தை மாலையோடு சேர்ப்பது முக்கியம். பந்தயக் குதிரைகளுக்கு வட அரைக்கோளத்தில் ஜனவரி 1, தென் அரைக்கோளத்தில் ஆகஸ்ட் 1 என்று பொதுப் பிறந்தநாள் வைத்துவிட்டதால் அவர்களுக்கு இந்த அவசரம் இருக்கிறது. உங்களுக்கு இல்லையென்றால், புல் செழிக்கும் காலத்தில் இயல்பாகவே சினைப்படவிடுவது எல்லோருக்கும் எளிது.

உங்கள் குதிரைக்கு உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பருவம் வந்துவிட்டதா என்பதை அறிய, உறுதியான தடுப்புக்கு அப்பால் பொலிகுதிரையை நிறுத்திப் பெட்டையின் நடத்தையைக் கவனிப்பது வழக்கம். பருவத்தில் இருந்தால் வாலை ஒதுக்கி, பின்கால்களை அகற்றிச் சற்றே தாழ்ந்து, சிறுநீர் பீச்சும். இல்லையென்றால் கீச்சிட்டு உதைக்க வரும். அச்சம் மிகுந்த தலையீற்றுக் குதிரையோ, உண்மையிலேயே பருவத்தில் இருந்தும் எதையும் காட்டாமல் விறைத்து நிற்கக்கூடும். அப்படியானால் ஆசனவாய் வழியாகச் செய்யும் ஸ்கேனை நம்பித்தான் நாள் குறிக்க முடியும். அதற்குக் குதிரை தடுப்புச் சட்டத்துக்குள் (பரிசோதனையின்போது குதிரையை நிறுத்திவைக்கும் குறுகிய அடைப்பு) அமைதியாக நிற்கப் பழகியிருக்க வேண்டும். பழக்கமும் இனப்பெருக்கமும் வேறுவேறு வேலைகள் அல்ல என்று முந்தைய நண்பர் சொன்னதன் பொருளை, கையுறை போட்டுக்கொண்டு அதன் பின்னால் நிற்கும் எங்களைப் போன்றவர்கள் நன்றாகவே அறிவோம்.

உடல்நிலைக்கு, ஹென்னகி 1983 இல் வகுத்த 1 முதல் 9 வரையிலான அளவுகோலைப் பயன்படுத்துங்கள். விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமல், கையால் தடவினால் எளிதில் தட்டுப்படும் நிலை 5; சினைப்படுத்த 5 முதல் 7 வரை இருப்பது நன்று. சேர்க்கைக்குப் பின் 14 முதல் 16 ஆம் நாளுக்குள் ஸ்கேன் செய்வதைத் தவறவிடாதீர்கள். குதிரையின் கருப்பை இரட்டைக் கருவைத் தாங்காது. பெரும்பாலும் பிந்திய மாதங்களில் இரண்டுமே கலைந்துபோகும், தாய்க்கும் ஆபத்து. ஏறத்தாழ 16 ஆம் நாள்வரை கருக்கள் கருப்பைக்குள் நகர்ந்துகொண்டே இருப்பதால், அதற்குள் கண்டால் ஒன்றைப் பிரித்து நசுக்கிவிட்டு மற்றதைக் காப்பாற்றலாம். 35 ஆம் நாளை ஒட்டிக் கருப்பைச் சுவரில் கிண்ணம் போன்ற அமைப்புகள் உருவாகிவிடும். அதன் பிறகு கரு கலைந்தாலும், அவை மறையும்வரை மாதக்கணக்கில் குதிரை ஒழுங்கான பருவத்துக்குத் திரும்பாது. அந்த ஆண்டு அத்தோடு போயிற்று.


மேய்ச்சல்வெளி:

இருவருக்கும் மிக்க நன்றி. இந்தப் பருவத்தை விட்டுவிட முடிவு செய்துவிட்டேன். மருத்துவப் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்கிறேன். வலி ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகு பழக்கத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. மந்தையோடு விட்டால் பிடிக்க முடிவதில்லை. தனியாகச் சிறிய அடைப்பில் விட்டால் வேலியோரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. தீவன வாளியைக் காட்டிப் பிடிக்கலாம், ஆனால் முகக்கயிறு கண்ணில் பட்டவுடன் வாளியையும் விட்டுவிட்டுப் போய்விடுகிறது.


தளர்கயிறு:

வாளியைத் தூண்டிலாகப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்பதே முதல் வேண்டுகோள். ஏமாற்றிப் பிடித்த ஒவ்வொரு முறையும், வாளிக்குப் பின்னால் கயிறு இருக்கிறது என்பதைத்தான் அது கற்றுக்கொண்டிருக்கிறது. தனியாக அடைக்கவும் வேண்டாம். மந்தையைப் பிரிந்த பதற்றத்தில் இருக்கும் குதிரைக்கு உங்களைக் கவனிக்க மனம் இருக்காது. நன்கு பழகிய, அமைதியான இன்னொரு பெட்டைக்குதிரையைத் துணையாக விட்டு, நடுத்தர அளவுள்ள அடைப்பில் தொடங்குங்கள்.

நேராக முகத்தை நோக்கி நடக்காமல், அதன் தோளை நோக்கி வளைந்து நடந்து செல்லுங்கள். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் குதிரையின் கண்ணுக்குப் புலப்படாத பகுதிகள் உண்டு. தோள் பக்கம் அதற்கு உங்களைத் தெளிவாகக் காட்டும் பக்கம். நீங்கள் நெருங்கும்போது ஒரு குறிப்பிட்ட தூரத்தில் அது மெல்லுவதை நிறுத்தும், ஒரு காது உங்கள் பக்கம் திரும்பும், கழுத்து ஒரு விரற்கடை உயரும். அங்கே நின்றுவிடுங்கள். அடுத்த அடியை வைத்தால் அது போய்விடும், போனதால் தப்பித்தோம் என்று கற்கும். நின்ற இடத்திலேயே பார்வையைத் தாழ்த்திக் காத்திருந்தால், சிறிது நேரத்தில் கழுத்து தளர்ந்து மீண்டும் மேயத் தொடங்கும். அந்த நொடியில் நீங்கள் திரும்பி விலகி நடக்க வேண்டும். அமைதியாக நின்றதால் மனிதர் விலகினார் என்பதுதான் அதற்குக் கிடைக்கும் பாடம். பார்ப்பவர்களுக்கு நீங்கள் வேலை எதுவும் செய்யாமல் உலாவுவதைப் போலத் தோன்றும், தோன்றட்டும்.

அழுத்தம் குதிரைக்கு எதையும் கற்பிப்பதில்லை. அழுத்தம் நீங்கும் கணம்தான் கற்பிக்கிறது. கயிற்றை இழுத்துப் பிடித்தபடியே இருந்தால் அது எதிர்த்து இழுக்கும். மெல்ல இழுத்து, அது ஓரடி எடுத்துவைத்த அதே கணத்தில் தளர்த்தினால், அடுத்த முறை பாதி விசையிலேயே நடக்கும். இரண்டு மூன்று நொடி பிந்தித் தளர்த்தினால், இடையில் தலையை உதறியதற்குத்தான் பலன் கிடைத்தது என்று அது புரிந்துகொள்ளும். நம் உடலின் நுண்ணிய அசைவைக்கூடக் குதிரை படித்துவிடும் என்பதற்கு, பெர்லினில் கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரையே சாட்சி: கேட்பவரின் தலை அறியாமலே சற்று நிமிரும் கணத்தில் அது குளம்பு தட்டுவதை நிறுத்தியது என்று 1907 இல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் நிறுவினார். கணக்கு தெரியாத அந்தக் குதிரைக்கு மனிதரைத் தெரிந்திருந்தது. ஆகவே எரிச்சலோடு இருக்கும் நாளில் அடைப்புக்குள் போகாதீர்கள்.

தொடவிடும் நிலை வந்ததும் முகத்தைத் தொடாமல், பிடரிமயிர் முடியும் தோள்மேட்டில் விரல் நுனிகளால் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று கொறித்துவிடும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு தணிகிறது என்பது 1993 இல் வெளியான ஆய்வு ஒன்றில் அளந்து காட்டப்பட்டது. கழுத்தில் தட்டிக்கொடுப்பதை நாம்தான் பாராட்டாக எண்ணுகிறோம். மேலுதடு நீண்டு துடித்தால் சரியான இடத்தைக் கண்டுவிட்டீர்கள் என்று பொருள். இந்த நிலையில் முகக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டே சொறியலாம், அதன் கழுத்தில் படவிட்டு எடுக்கலாம், மாட்டிவிட்டு உடனே கழற்றலாம். கயிறு மாட்டினால் வேலை என்ற கணக்கு உடைய வேண்டும். வாயில் எதுவும் இல்லாமலே குதிரை மெல்லுவதையும் நாக்கால் உதட்டை நக்குவதையும் சிலர் பணிந்துவிட்டதன் அடையாளம் என்பார்கள். அது பதற்றம் தணிந்து இளகும் இடைவேளையைக் காட்டுவது, அவ்வளவே. அடிக்கடி அதைக் கண்டால், அதற்குமுன் அடிக்கடி பதற வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நான் கொள்வேன்.

மடிக்கு வருவோம். தோளருகே, அதன் வாலைப் பார்த்தபடி, உடலோடு ஒட்டி நின்று, ஒரு கையை முதுகில் வைத்துக்கொண்டு மறுகையை விலா, அடிவயிறு என்று படிப்படியாகக் கொண்டுபோங்கள். தோல் சிலிர்க்கும் இடம் எல்லை. அங்கே கையை அசைக்காமல் வைத்திருந்து, சிலிர்ப்பு அடங்கியதும் எடுத்துவிட வேண்டும். கால் தூக்கிய பிறகு எடுத்தால் கால் தூக்குவதைக் கற்பித்ததாகிவிடும். ஆகையால் தூக்கும் அளவுக்கு ஒருபோதும் போகாதீர்கள். உட்காராதீர்கள், முழங்காலிடாதீர்கள். கை பழகிய பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்த மென்துணி. இரு முலைகளுக்கும் இடையில் கறுத்த மெழுகுபோல் அழுக்கு சேர்ந்திருக்கும். அந்த அரிப்புக்காகவே வாலைத் தேய்க்கும் குதிரைகள் உண்டு. அதை ஊறவைத்துத் துடைத்துவிட்ட பிறகு பல குதிரைகள் தாமாகவே பின்காலைச் சற்று அகற்றி இடம் கொடுக்கும்.

தடுப்புச் சட்டத்தையும் இப்படியே. முதலில் இருபுறமும் திறந்த நிலையில் உள்ளே நுழைந்து வெளியேறிவிடட்டும்; பிறகு உள்ளே நின்று ஒரு கைப்பிடி உலர்புல் தின்னட்டும்; பின்கதவை மூடுவது கடைசி. வாலைத் தூக்கிப் பிடிப்பதற்கும் பழக்குங்கள், மருத்துவர் உங்களை வாழ்த்துவார்.


வேலியோரம்:

எல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்றிரண்டு குதிரை வைத்திருப்பவர் தோள்மேட்டைச் சொறிந்துகொண்டு நிற்கலாம். பண்ணை நிறையப் பெட்டைக்குதிரைகள் இருக்கும் இடத்தில், சேர்க்கைப் பருவம் முழுவதும் ஸ்கேனும் ஊசியுமாக ஓடும்போது, ஒவ்வொன்றின் கழுத்தும் தளரும்வரை யார் காத்திருப்பது? மேலுதட்டில் முறுக்குக்கயிறு போட்டு இறுக்கிப் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதனால் எந்தக் குதிரையும் செத்ததில்லை.


தளர்கயிறு:

உங்கள் கேள்வி நியாயமானது, ஐயா. அவசரத்துக்கு மேலுதட்டு முறுக்குக்கயிற்றை நானும் ஒதுக்கவில்லை. அளந்து பார்த்தவர்கள் சொல்வது: ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் மேலுதட்டில் போடும் முறுக்கு இதயத்துடிப்பைத் தணிக்கிறது, அதற்கு மேல் நீடித்தால் துடிப்பு ஏறுகிறது. காதை முறுக்குவதோ தொடக்கத்திலிருந்தே பதற்றத்தைத்தான் கூட்டுகிறது, தலையருகே கையைக் கொண்டுபோகவே விடாத குதிரையாக ஆக்கிவிடுகிறது; அதை எந்தப் பண்ணையிலும் செய்யலாகாது. ஆனால் ஒரு பெட்டைக்குதிரையை ஒரு பருவத்தில் எத்தனை முறை சட்டத்துக்குள் கொண்டுவருகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு ஆள்களும் ஒரு முறுக்குக்கயிறும் தேவைப்படும் குதிரைக்குச் செலவாகும் நேரம் அதிகமா, பருவத்துக்கு முந்தைய ஓய்வு மாதங்களில் பழக்கிவிட்டு ஒரே ஆள் நடத்திக்கொண்டு வரும் குதிரைக்கா? ஆள் குறைவாக உள்ள பண்ணைக்குத்தான் பழகிய குதிரை மிகவும் தேவை.


சினைக்குறிப்பு:

முறுக்கைவிட, தேவைப்படும் நாளில் மருத்துவர் போடும் மயக்கமூட்டி ஊசி பாதுகாப்பானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அளவு மருத்துவருடையது, ஊசி போட்ட குதிரையும் எச்சரிக்கையின்றிச் சட்டென்று உதைக்கும் என்பதால், அமைதியாக நிற்பதைக் கண்டு பின்னால் நடமாட வேண்டாம்.


பழைய லாயம்:

அடுத்த பருவத்தில் சினைப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டு சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள்கள். 320 முதல் 365 வரை இயல்புதான், ஆகவே நாள் தள்ளிப்போவதற்காகப் பதறாதீர்கள். ஐந்து, ஏழு, ஒன்பதாம் மாதங்களில் கருச்சிதைவு ஏற்படுத்தும் ஹெர்பிஸ் நச்சுயிரிக்கு எதிரான தடுப்பூசி, ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு முன் மற்றத் தடுப்பூசிகள். பின்னவை தாயைவிடக் குட்டிக்காகவே: குட்டி நோய் எதிர்ப்புப் பொருள் ஏறக்குறைய எதுவுமின்றிப் பிறக்கிறது, எல்லாம் சீம்பால் வழியாகத்தான் போக வேண்டும். பிறப்புறுப்பின் மேல்பகுதியைத் தைத்துவிட்டிருந்தால், ஈனும் முன் அதைப் பிரித்துவிட வேண்டும் என்பதை நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.

முலைக்காம்பில் மெழுகுத்துளி திரண்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் ஈனும், அதுவும் பெரும்பாலும் இரவில். நீர்க்குடம் உடைந்த பின் இருபது முதல் முப்பது நிமிடத்தில் குட்டி வெளிவந்துவிட வேண்டும். வெண்ணிறப் பைக்குப் பதிலாகச் சிவந்த வெல்வெட் போன்ற பை முதலில் தெரிந்தால், யாருக்கும் காத்திராமல் அதைக் கிழித்துக் குட்டியை வெளியே எடுங்கள். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது, உள்ளே குட்டிக்கு மூச்சில்லை. மற்றபடி கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஒரு மணி நேரத்தில் குட்டி எழ வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடித்திருக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். இவற்றுள் எது தவறினாலும் மருத்துவரை அழையுங்கள். நஞ்சுக்கொடியை இழுக்கலாகாது, விழுந்ததைத் தூக்கிப் போடாமல் விரித்துவைத்து முழுமையாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே தங்கிய சிறு துண்டு தாயின் குளம்புவரை கெடுத்துவிடும்.

பிறந்த உடனே குட்டியைப் பிடித்து அழுத்தி உடல் முழுவதும் தடவிப் பழக்கும் முறை ஒன்று முன்பு புகழ்பெற்றிருந்தது. பின்னர் நடந்த சோதனைகளில் அதனால் நீடித்த பயன் தென்படவில்லை. தாயும் குட்டியும் ஒன்றையொன்று அறியும் நேரத்தில் நாம் குறுக்கே நிற்பதுதான் மிச்சம். தொப்புளுக்கு மருந்து தடவுங்கள், பால் குடிப்பதை உறுதிசெய்யுங்கள், 18 முதல் 24 மணி நேரத்துக்குள் இரத்தச் சோதனையில் எதிர்ப்புப் பொருளின் அளவு டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தாயின் தோள்மேட்டைச் சொறிந்துகொண்டு நில்லுங்கள். குட்டி தானாக வந்து உங்கள் முழங்காலை முகரும்.

ஈன்ற ஏழு முதல் பத்து நாளில் மீண்டும் பருவம் வரும். 340 நாள் சினை என்றால் ஆண்டுக்கொரு குட்டி வேண்டுபவருக்கு 25 நாளே மிச்சம் என்பதால் பல பண்ணைகள் அந்தப் பருவத்திலேயே சேர்த்துவிடுகின்றன. தலையீற்றுக் குதிரைக்கு நான் அதைச் செய்யமாட்டேன். கருப்பை தேறட்டும், அது தாய்மையைப் பழகட்டும்.

பால் மறக்கடிப்பதை நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் செய்வது வழக்கம். குட்டியை ஒரே நாளில் பிடுங்கித் தனி லாயத்தில் அடைப்பதைப் போலப் பழக்கிய அத்தனையையும் பாழாக்கும் செயல் வேறில்லை. பிரிட்டனில் 225 இளங்குதிரைகளைத் தொடர்ந்து கவனித்து 2002 இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி அடைத்துப் பிரித்தவற்றில் கட்டையைக் கடிப்பது, இடத்திலேயே அசைந்தாடுவது போன்ற கெட்ட பழக்கங்கள் கூடுதலாகக் காணப்பட்டன. பிரித்தவுடன் அடர்தீவனம் கொடுப்பதும் கட்டை கடிக்கும் பழக்கத்தைப் பெருக்கியது. குட்டிகளையும் தாய்களையும் ஒரே மேய்ச்சல் நிலத்தில் வைத்திருந்து, சில நாள்களுக்கு ஒரு தாய் என்று ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோங்கள். பழகிய இடமும் கூட்டாளிகளும் மாறாததால் குட்டி ஓரிரு நாள் கத்திவிட்டு மேயப் போய்விடும். குட்டி இல்லாத வயதான பெட்டைக்குதிரை ஒன்றைக் கூடவே விட்டுவைத்தால் இன்னும் நல்லது.


மேய்ச்சல்வெளி:

எல்லோருக்கும் நன்றி. நாளை மருத்துவர் வருகிறார். வாளியை இன்றே தீவன அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். வேலியோரம் ஐயாவுக்கு ஒன்று: எங்கள் பண்ணையிலும் முறுக்குக்கயிறு ஒன்று ஆணியில் தொங்குகிறது, அதை எறியப் போவதில்லை, ஐந்து நிமிடக் கணக்கைப் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிட்டேன்.